மந்தண அறிக்கை: பூட்டிய உறையிலிருந்து திறந்த கோப்புக்கு

இந்திய அரசு அலுவலகங்களில் ஊழியரின் ஓராண்டு வேலையை மேலதிகாரி மதிப்பிட்டு எழுதும் வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலேயே வேரூன்றிவிட்டது. ஆண்டு மந்தண அறிக்கை என்பது அதன் முறையான பெயர். அலுவலகப் பேச்சில் அது வெறும் 'சி.ஆர்.' எழுதியவரின் கருத்து மூடிய உறையில் மேலே போகும், எழுதப்பட்டவருக்குத் தெரியாது. பாதகமான குறிப்பை மட்டும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. 'சராசரி', 'நன்று' போன்றவை பாதகமாகக் கருதப்படாததால் அவை உறைக்குள்ளேயே தங்கின.

இந்த இரகசியம் மேலதிகாரியின் தயாரிப்பையும் பாதித்தது. தான் எழுதுவதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்றால், ஆண்டு முழுவதும் குறிப்பெடுத்து வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நிதியாண்டு முடிந்தபின் நினைவில் நிற்பது கடைசி இரண்டு மாதங்களும் ஏதாவது ஒரு மனத்தாங்கலும்தான்.

ஆனால் குறிப்பெடுக்கச் சொல்லும் விதி இல்லாமல் இல்லை. நேர்மை பற்றிய பத்தியை எப்படி நிரப்புவது என்று மத்திய உள்துறை அமைச்சகம் 1965-இல் அனுப்பிய சுற்றறிக்கை இன்றும் படிக்கத் தக்கது. கீழே பணிபுரிபவரின் நேர்மையில் ஐயம் எழுப்பும் நிகழ்ச்சிகளை மேற்பார்வை அதிகாரி அவ்வப்போது ஒரு மந்தண நாட்குறிப்பில் எழுதி, உண்மையா என்று விரைவில் விசாரிக்க வேண்டும். ஐயம் தீர்ந்தால் அறிக்கையிலும் அப்படியே பதிய வேண்டும். தீராவிட்டால் பத்தியை வெறுமையாக விட்டுத் தனிக் குறிப்பு அனுப்ப வேண்டும். வதந்தியின் பேரில் ஒருவருடைய பெயர் கெடக் கூடாது என்ற அக்கறை இதில் தெளிவாகவே இருந்தது. நல்ல வேலை, குறையான வேலை இரண்டையும் உடனுக்குடன் பதிந்து வைக்கும்படியும் பிற அறிவுரைகள் கூறின. ஆனால் அறிக்கை மூடிய உறையில் இருந்தவரை அந்தப் பதிவைக் கேட்டுப் பார்க்க ஊழியருக்கு வழியில்லை.

தனியார் துறையில் மாற்றம் முன்பே தொடங்கியது. 1970-களின் நடுவில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்தின் மதிப்பீட்டு முறையை ஆராய்ந்த உதய் பாரீக், டி.வி. ராவ் இருவரும் மதிப்பீட்டை ஊழியரின் வளர்ச்சியோடும் ஆலோசனையோடும் இணைத்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும் என்றால், கையில் சான்று இல்லாமல் மேலாளர் உட்கார முடியாது.

அரசுத் துறையில் திருப்பம் நீதிமன்றம் வழியாக வந்தது. எல்லைச் சாலைகள் அமைப்பின் பொறியாளர் ஒருவருக்கு 1993-94 ஆண்டுக்கு 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கோ ஐந்து ஆண்டும் 'மிக நன்று' தேவை. பாராட்டுப் போல் ஒலித்த அந்த ஒரு சொல்லால் அவருடைய உயர்வு நின்றுபோனது. அப்படி எழுதப்பட்டது அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. நல்லதோ கெட்டதோ, எல்லாப் பதிவுகளையும் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார் என்பது வருத்தத்துக்குரியது.

அகில இந்தியப் பணிகளுக்கு 2007-லேயே புதிய மதிப்பீட்டு விதிகள் வந்திருந்தன. மத்திய அரசுப் பணியாளர்களுக்கு 2009 மே மாத உத்தரவு முழு அறிக்கையையும் காட்டச் சொன்னது. மறுப்புத் தெரிவிக்க 15 நாள் அவகாசமும் தந்தது. ஊழியர் முதலில் தன் வேலையைத் தானே எழுதித் தர வேண்டும். மேலதிகாரி குறைந்தது மூன்று மாதமாவது அந்த வேலையைக் கண்டிருக்க வேண்டும். மதிப்பெண் 1 முதல் 10 வரை: செய்து முடித்த பணிக்கு 40 விழுக்காடு, தனிப் பண்புகளுக்கும் செயல்திறனுக்கும் தலா 30.

இதன்பின் தயாரிப்பின் பொருளே மாறியது. 'கவனக்குறைவானவர்' என்று எழுதினால் மறுப்பு வரும். எந்தக் கோப்பு, எந்த மாதம், எத்தனை நாள் தேங்கியது, அப்போது எழுத்தில் சொன்னோமா என்பதற்கு விடை இருந்தால்தான் அந்தச் சொல் நிற்கும். 2013-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு முந்தைய தீர்ப்பை உறுதிசெய்தது. 1965-இல் ஐயத்துக்காக மட்டும் கேட்கப்பட்ட நாட்குறிப்பு, இன்று மதிப்பெண் போடும் ஒவ்வோர் அதிகாரிக்கும் தேவைப்படுகிறது. அதை ஏப்ரலிலேயே தொடங்குவதுதான் முறை.