மக்கள் காரும் அதன் எஞ்சினைப் புதுப்பித்தோரும்

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் வரலாறாகவும் தொழிற்சாலைகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு பொருள் தொழிற்சாலை வாயிலைக் கடந்ததும் அதன் வரலாறு முடிந்துவிட்டதாகவே கருதப்படுகின்றது. அதனைப் பல்லாண்டுகள் உழைக்கச் செய்த பழுதுபார்ப்போர் வரலாற்றேடுகளில் இடம்பெறுதல் அரிது. இக்குறைபாட்டை உணர்த்துதற்கு, ‘வண்டு’ எனப் பெயர்பெற்ற வொக்ஸ்வாகன் காரின் எஞ்சின் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். காற்றினாற் குளிர்த்தப்படும் அவ்வெஞ்சினின் வலுவும் ஆயுளும் பெருகிய வரலாற்றில், பழுதுபார்க்கும் பட்டறைக்கு உரிய பங்கினைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வொக்ஸ்வாகன் என்னும் சொல்லுக்கு ‘மக்கள் கார்’ என்பது பொருள். ஆயின் அதன் தோற்றம் மக்களாட்சியில் நிகழ்ந்ததன்று. நாற்சிப் பிடியிலிருந்த ஜேர்மனியில், 1934இல் இதன் வடிவமைப்புப் பணி பேர்டினண்ட் போர்ஷேயிடம் ஒப்படைக்கப்பட்டது. 990 மார்க் விலையுள்ள காரை வாரந்தோறும் 5 மார்க் சேமித்துப் பெறலாம் என அரசு அறிவித்தது. அதனை நம்பி ஏறத்தாழ 3,36,000 பேர் பணஞ் செலுத்தினர். ஒருவருக்கேனும் அத்திட்டத்தின்கீழ்க் கார் கிடைக்கவில்லை. 1938இல் அடிக்கல் நாட்டப்பட்ட தொழிற்சாலை, போர்க்காலத்தில் வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட தொழிலாளரைக் கொண்டு இராணுவ வாகனங்களைச் செய்தது. 1945இல் பிரித்தானிய இராணுவ அதிகாரி ஐவன் ஹேர்ஸ்ற் பொறுப்பேற்ற பின்னரே கார் உற்பத்தி உண்மையில் ஆரம்பமாயிற்று.

எஞ்சினைத் திட்டமிட்டவர் போர்ஷேயின் குழுவைச் சேர்ந்த பிரான்ஸ் றைம்ஸ்பீஸ் ஆவார். நான்கு உருளைகள் இருபுறமும் இரண்டிரண்டாகக் கிடையாக அமைந்தன. நீரும் றேடியேற்றரும் இல்லாமையால் உறைபனியிலும் அதற்கு ஊறில்லை. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் எஞ்சினை வெளியே எடுத்துவிடலாம். தொடக்கத்தில் 985 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய அது ஏறத்தாழ 24 பரிவலுவையே தந்தது. இக்குறைந்த வலு திட்டமிட்டதேயாகும். உட்செல்லும் வழியும் காபரேற்றரும் சிறியனவாதலால் எஞ்சின் மிகைவேகத்திற் சுழன்று தன்னையே அழித்துக்கொள்ள இயலாது. நெடுஞ்சாலையில் உச்ச வேகமான 100 கிலோமீற்றரிலேயே நாள்முழுதும் ஓட்டுதற்கு அது ஏற்றதாயிற்று. வலுவைக் கட்டுப்படுத்தி ஆயுளைப் பெறுதலே வடிவமைத்தோரின் கொள்கை எனலாம்.

இக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியவர்களுள் முதல்வர் போர்ஷே குடும்பத்தினரே. 1948இல் ஒஸ்திரியாவின் கிமுண்ட் என்னுமிடத்தில் உருவான போர்ஷே 356 கார், திருத்திய உருளைத் தலைகளுடன் கூடிய வொக்ஸ்வாகன் எஞ்சினையே கொண்டிருந்தது. அடுத்து, 1950களின் தொடக்கத்தில் ஜேர்மனியரான கெர்ஹார்ட் ஓட்டிங்கர் ‘ஒக்ராசா’ என்ற பெயரில் மாற்றுப் பாகங்களை விற்கத் தொடங்கினார். தொழிற்சாலைத் தலையில் இரு உருளைகள் ஒரே வழியாற் காற்றையும் எரிபொருளையும் உள்ளிழுத்தன. ஓட்டிங்கரின் தலையிலோ ஒவ்வோர் உருளைக்கும் தனிவழி இருந்தது. ‘வண்டு’க் காருக்கு இவ்வமைப்பைத் தொழிற்சாலை 1970இலேயே, 1600 எஞ்சினில், மேற்கொண்டது. ஏறத்தாழ இருபதாண்டுகள் முந்தியே வெளியார் கண்ட வழி அது என்பது நோக்கத்தக்கது.

ஆயினும் வலுவை நாடியோரினும் ஆயுளை நாடியோரின் பணியே ஆழமானது. 1950களில் கலிபோர்ணியாவின் றிவர்சைட் நகரில் வொக்ஸ்வாகன் விற்பனையாளராக விளங்கிய ஜோ விற்றோன் ஒரு குறையைக் கண்டார். வால்வு அசையும் வழிகாட்டிக் குழல் தேய்ந்தால், தனிக்குழல் கிடையாமையால், உருளைத் தலை முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. அவர் மாற்றுக் குழல்களைச் செய்வித்தார். இது சிக்கனத்தின் பொருட்டு எழுந்த சிறு செயலே. எனினும் வால்வு தன் வெப்பத்தின் ஒரு பகுதியை அக்குழல் வழியாகவே தலைக்குக் கடத்துகின்றது. குழல் தேய்ந்தால் வால்வு தள்ளாடி, வெப்பம் மிகுந்து, ஈற்றில் முறியும். ஆகவே பழுதுபார்த்தற்கெனத் தோன்றிய குழல், மிகுவலுவுக்கும் அடிப்படையாயிற்று. விற்றோன் நிறுவிய ‘எம்பி’ நிறுவனம் பின்னர்ப் பந்தயப் பாகங்களுக்கும் புகழ்பெற்றது.

ஏனைய குறைகளும் இவ்வாறே ஆராயப்பட்டன. தொழிற்சாலைக் கிராங் தண்டில் எதிர்நிறைகள் இல்லை. வேகம் மிகும்போது அது வளைந்து, மென்மையான மகனீசியக் கலப்புலோக உடலைத் தாக்கியது. எதிர்நிறையுடைய தண்டின் இன்றியமையாமையை வலியுறுத்தியோருள் ஜீன் பேர்க் குறிப்பிடத்தக்கவர். எண்ணெயை வடிப்பதற்குக் கம்பிவலை ஒன்றே இருந்தது. புதுப்பிப்போர் எஞ்சின் உடலைத் துளைத்து, எண்ணெய் முழுவதையும் வெளிவடியூடாகச் செலுத்தினர். தொழிற்சாலை இதனை 1993 அளவில் மெக்சிக்கோவில் செய்த கார்களிலேயே ஏற்றது. ஆயின் எல்லாப் பெருமையும் வெளியாருக்கே உரியதன்று. பழைய எஞ்சின்களில் எண்ணெய்க் குளிர்த்தி விசிறிக் காற்றின் வழியை மறித்து நின்றமையால் மூன்றாம் உருளை அதிகம் சூடேறியது. 1970இல் அக்குளிர்த்தியை ஒருபுறம் ஒதுக்கி அமைத்தது தொழிற்சாலையே. புதுப்பிப்போர் அதனைப் பழைய எஞ்சின்களுக்கும் பொருத்தினர்.

தவறுகளும் நிகழ்ந்தன. 85.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளைக்குப் பதிலாக, உடலைக் கடையாமலே 88 மில்லிமீற்றர் உருளையைச் செருகியோர், சுவர் மெலிந்து வெப்பத்தால் உருளை கோணுவதைக் கண்டனர். 87 மில்லிமீற்றரோடு நின்று 1641 கன சென்ரிமீற்றர் பெற்றோரும், உடலைக் கடைந்து தடித்த சுவருடைய பெரிய உருளைகளைப் பொருத்தியோரும் நெடுங்காலம் ஓட்டினர். வெப்பத்தை வெளியேற்ற வழிகாணாது கொள்ளளவைப் பெருக்குதல் கடனாகப் பெற்ற வலுவேயாகும்.

இவ்வறிவு வல்லுநரிடம் மட்டும் தங்கிவிடவில்லை. விண்பொறித் துறையை விட்டு நீங்கிய ஜோன் மியூர் 1969இல் வெளியிட்ட கைந்நூல், திருகாணி கழற்றியறியாதவரும் தம் எஞ்சினைத் தாமே பிரித்துப் பூட்டக் கற்பித்தது. அரசு வாக்களித்தும் வழங்காத ‘மக்கள் கார்’ இங்ஙனம் மக்கள் கைக்கு வந்தது.

‘வண்டு’க் காரின் உற்பத்தி ஜேர்மனியில் 1978இலும் மெக்சிக்கோவில் 2003இலும் நின்றது, 2 கோடியே 15 இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டிருந்தன. பிரேசிலில் இவ்வகை எஞ்சின் பொருத்திய வான் வண்டிகளும் 2005இல் முடிவுற்றன. அதன்பின் ஓடும் ஒவ்வோர் எஞ்சினும் புதுப்பிப்போரின் கைத்திறனாலேயே ஓடுகின்றது. அவர்களது அறிவு பெரிதும் கைவழி வந்தது. முதியோர் மறையுந்தோறும் அதுவும் மறைகின்றது. தொழிற்சாலைக் கோவைகளை மட்டும் நாடும் ஆய்வாளன் இவ்வெஞ்சினின் பிறப்பை அறிவான். அதன் வாழ்வை அறியான். பட்டறைகளின் சான்றுகளையும் காலந் தாழ்த்தாது திரட்டுதல் வரலாற்று மாணவரின் கடனாகும்.