சிவப்பு டார்ச்

ஜபல்பூருக்கு மாற்றலாகி வந்த முதல் வருஷம், கடன் வசூல் விஷயமாகக் காட்டோரக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது ஜீப் பஞ்சர். இருட்டிவிட்டது. டிரைவர் ஸ்டெப்னி மாற்றிக்கொண்டிருக்க, துணைக்கு வந்து நின்ற வனக்காவலர் கையில் ஒரு டார்ச். அதன் முகப்பில் சிவப்பு செலோபேன் காகிதத்தை மடித்து, ரப்பர் பேண்டு போட்டிருந்தார். அந்த மங்கல் வெளிச்சத்தில் இருபதடி தள்ளி ஒரு முயல் தன் பாட்டுக்குப் புல் கடித்துக்கொண்டிருந்தது. நன்றாகப் பார்க்கலாமே என்று நான் செல்போன் விளக்கைப் போட்டேன் (நம்ம புத்தி!). அவ்வளவுதான். முயல் விறைத்துப்போய் அப்படியே நின்றுவிட்டது. காவலர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அந்த விறைப்புதான் வேட்டைக்காரனின் முதலீடு. கண் கூசி நிற்கிற மிருகத்தைச் சுடுவது சுலபம். 125 பேரைக் கொன்றதாகக் கணக்கில் உள்ள ருத்ரப்பிரயாக் சிறுத்தையை 1926 மே மாதம் ஜிம் கார்பெட் சுட்டதும் துப்பாக்கியில் மாட்டிய டார்ச்சின் துணையோடுதான். சுட்டதும் டார்ச் அணைந்துவிட, சிறுத்தை செத்ததா பிழைத்ததா என்று தெரியாமல் மரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார் மனுஷன். ஆட்கொல்லி விஷயம் வேறு. பொழுதுபோக்குக்கு ஸ்பாட்லைட் அடித்துச் சுட்டவர்கள் எத்தனையோ பேர். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தனி அனுமதி இல்லாமல் வேட்டைக்குச் செயற்கை வெளிச்சம் கூடாது என்று எழுதிவைக்கும் அளவுக்கு.

அதே காலத்தில் எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி காட்டுப்பாதையில் கம்பி கட்டிவைத்து, புலி அதை மிதித்தால் ஃப்ளாஷ் வெடித்துத் தானே படம் எடுத்துக்கொள்ளும்படி செய்தார். 1927இல் புத்தகமே போட்டார். துப்பாக்கியைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஒரே ஒரு கணம்தான் கிடைக்கும். அதுவும் புலி திடுக்கிடுகிற கணம். அது சாதாரணமாக என்ன செய்யும் என்பது தெரியாது.

சிவப்புக் காகிதத்தின் சூட்சுமம் எனக்குப் புரிந்தது சித்தப்பாவின் ஸ்டூடியோவை நினைத்தபோதுதான். கறுப்பு வெள்ளை காலத்தில் டார்க் ரூமில் சிவப்பு பல்பு எரியும். நமக்குக் கண் தெரியும். பிரிண்ட் போடும் பேப்பருக்கு அது இருட்டு. இரவு மிருகங்களின் கண்ணும் ஏறக்குறைய அந்தப் பேப்பர் மாதிரிதான். இருட்டில் வேலை செய்கிற செல்கள் சிவப்பை மிகக் குறைவாகவே உணரும். சுத்தமாகத் தெரியாது என்றில்லை, பிரகாசமாக அடித்தால் கண்டுகொள்ளும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையில் 1969இல் இதற்கென்றே ஒரு கட்டடம் திறந்தார்கள். இரவில் பளிச்சென்று விளக்கு, பகலில் மங்கலான சிவப்பு. மிருகங்கள் இரவு என்று நம்பி நடமாடும், ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். பணத்தட்டுப்பாட்டில் 2009இல் மூடினார்கள் என்பது பேங்க்காரன் கண்ணில் தானாகப் படுகிற தகவல்.

இதையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டு போனவன் எங்கே போய் நின்றேன் தெரியுமா? அய்யலூரில்! எங்கள் வடமதுரைக்குப் பக்கத்து ஊர்.

நெகாரிஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1997-98இல் அய்யலூர்க் காடுகளில் மாதக்கணக்கில் ராத்திரி ராத்திரியாகத் தேவாங்குகளின் பின்னால் நடந்திருக்கிறார். தலையில் சிவப்பு வடிகட்டி போட்ட விளக்கு. தேவாங்கு தனிக்கட்டை என்று அதுவரை பேச்சு. இவர் பார்த்ததோ வேறு. பகலில் கூட்டமாக அணைத்துக்கொண்டு தூங்குகின்றன. இரவில் ஒன்றையொன்று தேடி வந்து மேல் நக்கிச் சுத்தம் செய்கின்றன. சாப்பாடு பெரும்பாலும் எறும்பு, கரையான், பூச்சிகள். அதாவது எங்கள் தோட்டக்காரர்களுக்குச் சம்பளமில்லாத வேலையாள்.

அந்த வருஷம் நான் திண்டுக்கல்லில் பி.காம் முதல் வருஷம். அய்யலூர் வழியாகப் போகும் பஸ்ஸில்தான் திருச்சி போவேன். ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்த தேவாங்கு, ஆறாவது படிக்கும்போது புளியமரத்தில் பார்த்தது. பெரியப்பாவின் ஐந்து கட்டை டார்ச்சை அடித்தோம். இரண்டு கண்ணும் நெருப்புத்துண்டு மாதிரி மின்னின. அசையவே இல்லை. "தேவாங்கு மாதிரி முழிக்கிறான்" என்று வாத்தியார் திட்டுவாரே, அது இதுதான் என்று சிரித்தோம். அப்புறம் கல் எறிந்தோம். நான் எறிந்த கல்லும் பட்டது.

அது முழித்தது எங்கள் டார்ச்சினால் என்பது முப்பது வருஷம் கழித்து, ஜபல்பூரில் ஒரு முயலைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. செய்தியை அம்மாவிடம் போனில் சொன்னேன். "அதுக்கெல்லாமா சரணாலயம்? ஏன்டா, நம்ம புளியமரத்துல இப்பவும் ராத்திரி என்னமோ விசில் அடிக்குது, அதுவா இருக்குமோ?" என்றார். தீபாவளிக்கு லீவு போட்டிருக்கிறேன். செலோபேன் காகிதம் வாங்கியாகிவிட்டது.