நூற்புழுவில் சடுதிமாற்றங்களைக் கண்டறியும் முறைகள்

சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்பது மட்கும் தாவரப் பொருள்களில் பாக்டீரியாவைத் தின்று வாழும், ஏறத்தாழ 1 மி.மீ. நீளமுள்ள நூற்புழு. 1900-இல் எமில் மோப்பா அல்ஜியர்ஸ் நகரில் இதை முதன்முதலில் விவரித்தார். இதன் மரபணுக்களில் நேரும் சடுதிமாற்றங்களைப் பிடித்து, அவை எந்தக் குரோமோசோமில் எந்த இடத்தில் உள்ளன என்று அறியும் முறைகளே இங்கு விவரிக்கப்படுகின்றன. மாறிய புழுவைப் பெறுவது எளிது. மாற்றம் இருக்கும் இடத்தைக் காண்பதுதான் பல ஆண்டுகள் ஆய்வாளர்களை அலைக்கழித்தது.

தொடக்கம்

கேம்பிரிட்ஜ் மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றிய சிட்னி பிரென்னர், நரம்பு மண்டலத்தை மரபியல் வழியே ஆராயத்தக்க சிறு விலங்கு ஒன்றைத் தேடி 1960-களில் இப்புழுவுக்கு வந்தார். அவர் தேர்ந்த ‘என்2’ வகை, இங்கிலாந்தின் பிரிஸ்டல் அருகே காளான் வளர்ப்புக்கான மட்கு உரத்திலிருந்து எடுக்கப்பட்டது. புழு மூன்று, நான்கு நாளில் முட்டையிலிருந்து முதிர்நிலைக்கு வந்துவிடும். முதிர்ந்த இருபால் உயிரி தன் விந்தைக் கொண்டே தன்னைக் கருவுறச்செய்து சுமார் 300 குஞ்சுகளைத் தரும். ஆயிரத்தில் ஒன்றிரண்டு ஆணாகப் பிறப்பதால் கலப்பினம் செய்யவும் வழியுண்டு.

இந்தத் தற்கருவுறுதலே தேடலின் அச்சாணி. இளம் புழுக்களை எத்தில் மீத்தேன்சல்போனேட் கரைசலில் (0.05 மோலார்) நான்கு மணி நேரம் ஊறவைப்பார்கள். அவ்வேதிப்பொருள் பெரும்பாலும் டி.என்.ஏ.வின் குவானைன்–சைட்டோசின் இணையை அடினைன்–தைமின் இணையாக மாற்றும். முதல் தலைமுறைக் குஞ்சு மாற்றத்தை ஒரு படியில் மட்டுமே சுமப்பதால், ஒடுங்கு பண்பு வெளியே தெரியாது. அதைத் தனியே தட்டில் விட்டுவிட்டால் அதன் குஞ்சுகளில் நாலில் ஒன்று இரு படிகளிலும் மாற்றத்தைப் பெற்று வெளிப்படும். ஈயிலோ எலியிலோ இதற்கு உடன்பிறப்புகளைத் தேடிப்பிடித்து இணைசேர்க்க வேண்டும். இங்கே புழுவே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

1974-இல் பிரென்னர் வெளியிட்ட கட்டுரை, நடத்தையையோ உடலமைப்பையோ பாதிக்கும் சுமார் 300 சடுதிமாற்றங்களையும், அவை அடங்கும் ஏறத்தாழ 100 மரபணுக்களையும் பட்டியலிட்டது. அவற்றில் 77 மரபணுக்களின் மாற்றம் புழுவின் நகர்வைக் கெடுத்தது. பெயர்கள் கண்ணில் பட்டதைச் சொல்பவை: குட்டையாகத் தடித்தது ‘டம்பி’, நீண்டது ‘லான்’, தோலில் கொப்புளம் கண்டது ‘பிளி’, ஒழுங்கின்றி நெளிவது ‘அன்க்’. ஆங்கிலத்தில் மூன்றெழுத்தும் ஓர் எண்ணும் என்ற இம்முறை 1979-இல் விதியாக்கப்பட்டது. மாற்றத்துக்கு ஆய்வகத்தின் அடையாள எழுத்து சேரும். கேம்பிரிட்ஜுக்கு ‘இ’, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராபர்ட் ஹார்விட்ஸின் ஆய்வகத்துக்கு ‘என்’. ‘டம்பி-1’ மரபணுவின் ஒரு மாற்றம் ‘இ1’ என்ற பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

கண்ணால் தேடல்

நுண்ணோக்கியின் அடியில் தட்டுத் தட்டாகப் பார்த்து, மாறிய புழுவைப் பிளாட்டினக் கம்பியின் நுனியில் எடுப்பதே அடிப்படை முறை. மற்றவை சோதனையின் நயத்தில் வேறுபடுகின்றன. மார்ட்டின் சால்ஃபி, தொடு உணர்வற்ற புழுக்களைப் பிரிக்கப் பல்குத்தியின் முனையில் ஒட்டிய புருவ மயிரால் அவற்றை வருடினார். விலகாமல் நின்றது வேண்டிய புழு. முட்டையிடத் தெரியாத புழுவை அடையாளம் காண்பது இன்னும் எளிது: குஞ்சுகள் தாயின் உடலுக்குள்ளேயே பொரித்து அதைப் பையாக்கிவிடும்.

உயிரணு இறப்பைக் கட்டுப்படுத்தும் ‘செட்-3’ மரபணுவைப் பிடித்த விதம் தனியே சொல்லத்தக்கது. இறந்த உயிரணுவை அண்டை உயிரணு விரைவில் விழுங்கிவிடுவதால் பார்ப்பது கடினம். ‘செட்-1’ மரபணு பழுதான புழுக்களில் இறந்த உயிரணுக்களின் உடல்கள் மறையாமல் தங்கும். அத்தகைய புழுக்களை மீண்டும் சடுதிமாற்றத்துக்கு உட்படுத்தி, தங்கவேண்டிய உடல்கள் இல்லாத புழுவை எலிசும் ஹார்விட்ஸும் தேடினர் (1986). இப்பணிகளின் தொடர்ச்சிக்கே பிரென்னர், ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் மூவருக்கும் 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இடம் காணல்

இரு புழுக்கள் ஒரே மரபணுவில் பழுதானவையா என்பதை நிரப்புச் சோதனை காட்டும்: கலப்பில் பிறந்த குஞ்சு இயல்பாக இருந்தால் பெரும்பாலும் மரபணுக்கள் வேறு. பின்னர் இடம் தெரிந்த அடையாள மாற்றங்களோடு கலந்து, குறுக்கேற்ற விகிதத்தைக் கணக்கிட்டு, ஆறு பிணைப்புத் தொகுதிகளில் ஒன்றில் மரபணுவைப் பொருத்துவர். இதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். தசைப்புரதம் ஒன்றுக்குரிய ‘அன்க்-54’ 1981-இல் படியெடுக்கப்பட்டது. ‘லின்-12’ மரபணுவைத் தாவும் டி.என்.ஏ.த் துண்டான ‘டிசி1’ காட்டிக்கொடுத்தது. 1998-இல் சுமார் 10 கோடி எழுத்துகள் கொண்ட முழு மரபணுத்தொகுதி வெளியான பின், ஹவாய்த் தீவு வகையான ‘சிபி4856’-உடன் கலந்து ஓரெழுத்து வேறுபாடுகளை அடையாளமாகக் கொள்ளும் முறை பழைய அடையாள மாற்றங்களின் இடத்தைப் பிடித்தது. 2008 முதல் முழுத்தொகுதியையே வரிசைப்படுத்திவிடுகின்றனர். 2013-இல் வெளியான ‘மில்லியன் மியூட்டேஷன்’ திட்டம் சுமார் 2,000 புழு வகைகளில் 8 லட்சத்துக்கு மேற்பட்ட மாற்றங்களைப் பதிந்தது.

பிற முறைகள்

ஆர்.என்.ஏ. குறுக்கீடு (1998) மரபணுவை மாற்றாமல் அடக்கிவைப்பது மட்டுமே. மரபணுவைக் குறிவைத்துத் திருத்தும் கிரிஸ்பர் முறை 2013 முதல் பயனில் உள்ளது. இன்ன மரபணு என்று முன்பே தெரிந்தவருக்கு அது கைகொடுக்கும். தெரியாததைத் தேடுவோருக்குப் பிரென்னரின் கரைசலுக்கு நிகர் இல்லை. கிடைத்த புழுக்களில் ஆயிரக்கணக்கான வகைகள் மினசோட்டா பல்கலைக்கழகத்திலுள்ள மரபியல் மையத்தில் உறைநிலையில் காக்கப்படுகின்றன. கேட்கும் ஆய்வகங்களுக்கு அங்கிருந்து அனுப்பப்படுகின்றன.