இஸ்ரவேலரின் திருக்கூடாரம்

கி. மு. 63ஆம் ஆண்டில் உரோமப் படைத்தலைவன் பொம்பி எருசலேம் நகரைக் கைப்பற்றினான். யூதர்தம் திருக்கோயிலினுட் புகுந்த அவன், ஆண்டுக்கொரு நாளில் தலைமைக் குரு ஒருவரே நுழைதற்குரிய உள்ளறையையும் சென்று பார்த்தான். எந்நாட்டுக் கோயிலிலும் உள்ளறையிலே தெய்வத் திருவுருவத்தைக் கண்டு பழகிய உரோமன் அங்கும் அத்தகையதொன்றை எதிர்பார்த்திருத்தல் இயல்பே. ஆனால் அங்கே உருவம் எதுவும் இல்லை. அறை வெறுமையாய்க் கிடந்தது என்று உரோம வரலாற்றாசிரியர் தாசித்தஸ் பிற்காலத்தில் எழுதிவைத்தார்.

நேயர்களே, அவ்வெறுமையின் பொருள் யாது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் விடயம். அதனை அறிதற்கு எருசலேமை விட்டுப் பல நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். துணியாலும் தோலாலும் மரத்தாலும் அமைந்து, சீனாய்ப் பாலைநிலத்திலே நின்றதாகக் கூறப்படும் ஒரு கூடாரத்தின் வாயிலில் நாம் நிற்றல் வேண்டும். தமிழ் வேதாகமம் அதனை ஆசரிப்புக் கூடாரம் என்று வழங்குகின்றது.

அதன் அளவுகளை யாத்திராகமம் என்னும் நூல் ஒரு தச்சனுக்குக் கணக்குச் சொல்வது போல நுணுக்கமாக எடுத்துரைக்கின்றது. நூறு முழ நீளமும் ஐம்பது முழ அகலமும் உடைய திறந்த முற்றம், அதனைச் சூழ ஐந்து முழ உயரத்தில் வெண்துணித் திரைகள், கிழக்கே வாயில். உட்புகுவோன் முதலிற் காண்பது வெண்கலம் பொதிந்த பலிபீடம். அதற்கப்பால் குருமார் கைகால் கழுவும் வெண்கலத் தொட்டி. பின்னர் முப்பது முழ நீளமான கூடாரம், திரையொன்றினால் இரண்டு அறைகளாகப் பிரிக்கப்பட்டு நிற்கும். முன்னறையின் வடபுறத்தே பன்னிரண்டு அப்பங்கள் அடுக்கிய மேசை. தென்புறத்தே ஏழு அகல்கள் ஏந்திய பொன் விளக்குத்தண்டு. திரையை அடுத்துத் தூபபீடம். உள்ளறையோ நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து முழமாக அமைந்தது. அதனுள்ளே இருந்தது உடன்படிக்கைப் பெட்டி ஒன்றே.

வெளியே வெண்கலமும் உள்ளே பொன்னுமாக உலோகம் உயர்ந்து செல்ல, உட்செல்வோர் தொகை குறைந்து செல்லும். முற்றத்திலே பலி கொணர்வோர், முன்னறையிலே குருமார், உள்ளறையிலே ஒருவர். வெளியில் நிற்போன் கண்ணுக்கோ பெரும்பாலும் தோற்போர்வையும் ஆட்டுமயிர்க் கம்பளமுமே தோன்றும். பொன்னும் நீலமும் செந்நூற் சித்திரமும் பெரும்பாலும் உள்ளே நிற்பவனுக்கே உரியன.

விளக்கவுரைகாரர் பலர் இங்குப் பொன்னையே பெரிதும் பேசுவர். எனக்கோ வெள்ளியே பெரிதாகத் தோன்றுகின்றது. கூடாரத்தின் பலகைகள் நாற்பத்தெட்டு, பலகைக்கு இரண்டாகத் தொண்ணூற்றாறு வெள்ளிப் பாதங்கள், திரை தொங்கிய தூண்களுக்கு நான்கு, ஆக நூறு. இவ்வெள்ளி வந்த வழி யாது? இருபது வயதும் அதற்கு மேலுமான ஆடவர் ஒவ்வொருவரும் அரைச் சேக்கல் கொடுத்தனர் என்றும், செல்வன் அதற்கு மேற் கொடுக்கலாகாது, வறியவன் அதிற் குறைக்கலாகாது என்றும் நூல் விதிக்கின்றது. ஆகவே அத்திருமனை முழுவதும் சரிசமமான பங்கின்மேலே நின்றது. அக்கணக்கிற் சேராத மகளிரின் பங்கும் இல்லாமற் போகவில்லை. கூடார வாயிலிற் பணிசெய்த பெண்கள் தந்த வெண்கல முகக்கண்ணாடிகளைக் கொண்டே அத்தொட்டி செய்யப்பட்டதாம்.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். பாலையில் வளரும் வேல மரவகையாற் செய்து பொன் பொதிந்தது. நீளம் இரண்டரை முழம். அகலமும் உயரமும் ஒன்றரை முழம். கிருபாசனம் எனப்படும் அதன் பொன் மூடியின் இருபுறத்தும் இறக்கை விரித்த இரு கேருபீன்கள் நின்றன. பண்டைக் கிழக்கு நாடுகளில் இறக்கையுடைய விலங்குருவங்கள் தாங்கிய ஆசனம் அரசர்க்குரியது. 1923ஆம் ஆண்டிலே பிப்லோஸ் நகரத்திற் கண்டெடுக்கப்பட்ட அகிராம் மன்னனின் கற்பேழையில், அம்மன்னன் அத்தகைய அரியணையில் வீற்றிருப்பதைக் காணலாம். இஸ்ரவேலரிடத்திலோ ஆசனம் உண்டு. அதில் அமர்ந்த உருவம் இல்லை. ஆசனத்தின் கீழே, பெட்டிக்குள், கட்டளைகள் பொறித்த கற்பலகைகள் இருந்தன. ஒப்பந்தச் சாசனங்களைத் தெய்வங்களின் பாதத்தடியில் வைத்தல் அக்காலத்து வேந்தரின் வழக்கம். அவ்வழக்கம் இங்கேயும் நின்றது. பாதங்கள் மட்டும் கண்ணுக்குப் புலனாகவில்லை.

ஆண்டுக்கொரு முறை உட்சென்ற தலைமைக் குருவும் அன்று தம் பொற்பணிகளைக் களைந்து வெள்ளாடை உடுத்தே செல்லல் வேண்டும். தூபத்தின் புகை கிருபாசனத்தை மூடிக்கொள்ளல் வேண்டும் என்பதும் விதி. எனவே நுழைந்த ஒருவர் கண்ணுக்கும் அது மறைந்தே இருந்தது.

இன்னொன்றும் கருதத்தக்கது. பெட்டியைச் சுமக்கும் தண்டுகளை அதன் வளையங்களினின்றும் ஒருபோதும் கழற்றலாகாது என்பது கட்டளை. கூடாரம் நிலைத்து நின்ற நாளிலும் அது புறப்படுதற்கு ஆயத்தமாகவே இருந்தது. ஓரிடத்தில் வேரூன்றிய தெய்வமாகவன்றி, நடந்து செல்லும் மக்களோடு தானும் நடக்கும் தெய்வமாகவே அவர்கள் தம் இறைவனைக் கருதினர்.

இத்தகைய கூடாரம் உண்மையில் இருந்ததா என வினவியோரும் உளர். 1878ஆம் ஆண்டில் யேர்மானிய அறிஞர் வெல்ஹவுசன், எருசலேம் கோயிலைக் கண்ட பிற்காலத்தவர் அதனைப் பாலைநிலத்துக்குப் பின்னோக்கி ஏற்றிக் கூறினர் என்று வாதித்தார். ஆயின் 1922இல் திறக்கப்பட்ட எகிப்திய மன்னன் துத்தன்காமனின் கல்லறையிலே பொன் பொதிந்த மரக்கூடங்களும், தண்டுகளாற் சுமக்கத்தக்க பேழையும் வெளிப்பட்டன. இவ்வகைத் தொழில்நுட்பம் மிகப் பழைமையானது என்பதற்கு அவை சான்று. சீனாய்க் கூடாரம் இருந்தது என்பதற்கு அவை சான்றாகா. நூலின் வருணனையிலே பழைய நினைவும் பிற்காலக் கற்பனையும் கலந்திருத்தல் கூடும் என்று கொள்வதே பொருத்தமெனத் தோன்றுகின்றது.

இப்பொருள்களுக்குத் தத்துவப் பொருள் கூறும் முயற்சி பின்னர் ஓங்கிற்று. முதலாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோவும், கோயிலின் அழிவைக் கண்ட யோசீபஸும் அதனைப் பேரண்டத்தின் சிற்றுருவமாகக் கண்டனர். ஆளிச் செடி மண்ணில் முளைப்பதால் அதன் நாரால் நெய்த வெண்துணி நிலத்தைக் குறிக்கும், ஊதாச் சாயம் கடற்சிப்பியினின்று வருதலால் நீரைக் குறிக்கும், நீலம் காற்று, சிவப்பு நெருப்பு. பன்னிரண்டு அப்பங்கள் பன்னிரு திங்கள். ஏழு அகல்கள் ஏழு கோள்கள். எபிரெயருக்கு எழுதப்பட்ட திருமுகமோ திரையைக் கிறிஸ்துவின் உடலாகக் கொண்டது.

இவ்வுரைகளிடையே பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பேரறிஞர் மைமோனிடிஸின் நேர்மை தனியே ஒளிர்கின்றது. நாள்தோறும் விலங்குகள் வெட்டப்படும் இடத்தில் தீநாற்றத்தை மாற்றவே நறும்புகை இடப்பட்டது என்றார் அவர். மேசையும் அப்பமும் எதனைக் குறிக்கின்றன என்பது தமக்கு இன்றுவரை விளங்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார்.

சாலொமோன் கட்டிய கோயிலிலே பெட்டி வைக்கப்பட்டது. கி. மு. 586 அளவிலே பாபிலோனியர் அக்கோயிலை எரித்த பின்னர் பெட்டியைப் பற்றிய உறுதியான செய்தி எதுவும் இல்லை. கி. மு. 516 அளவில் எழுந்த இரண்டாம் கோயிலின் உள்ளறைக்கு வைப்பதற்குப் பெட்டியே இல்லை. மூன்று விரல் உயரமான கல்லொன்று அங்கே இருந்தது என்றும், தலைமைக் குரு தூபகலசத்தை அதன்மேல் வைத்தார் என்றும் யூத மரபு கூறும். பொம்பி கண்ட வெறுமை இதுவே. உருவமின்மை தொடக்கத்திலிருந்தே இருந்தது. இப்போது ஆசனமும் இல்லை. எனினும் ஆண்டுதோறும் குரு அவ்வறையினுட் புகுந்தார். விதிகளில் ஒன்றும் தளரவில்லை.

கி. பி. 70இல் தீத்துவின் படை அக்கோயிலையும் அழித்தது. அதன் பின்னர், பலிபீடம் செய்த பணியை இனி ஒவ்வொருவன் வீட்டு உணவுமேசையும் வறியவனுக்கு இட்டு உண்பதனாற் செய்யும் என்று யூத ஆசிரியர் கற்பித்தனர். மைமோனிடிஸுக்கு விளங்காத மேசை இல்லந்தோறும் வந்து சேர்ந்துவிட்டது.

உரோமாபுரியிலே தீத்துவின் வெற்றி வளைவில் அக்கொள்ளைப் பொருள்களின் ஊர்வலத்தை இன்றும் காணலாம். 2012இல் அதனை ஆராய்ந்தோர், விளக்குத்தண்டின் சிற்பத்தில் பொன்னைக் குறித்துத் தீட்டிய மஞ்சள் வண்ணத்தின் சுவடு எஞ்சியிருக்கக் கண்டனர். அவ்விளக்கின் வடிவையே 1949இல் இஸ்ரேல் அரசு தன் இலச்சினையாகக் கொண்டது. சிற்பத்தில் விளக்கு உண்டு, அப்பமேசை உண்டு, எக்காளங்கள் உண்டு. உள்ளறையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட பொருள் எதுவும் அதில் இல்லை.