காட்டாற்றுக் கயாக் தேடல்

காட்டாற்றுக் கயாக் தேடல்: அதிகம் அறியப்படாத மலையாறுகளில் நண்பர்கள் குழுவாகச் சிறு துடுப்புப் படகில் இறங்கி, ஓடத்தக்க வழியைக் கண்டறிவது. தென்னிந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலையே இதன் களம். காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை.

மைசூரு விஜயநகரிலிருந்து ஹுன்சூர் சாலையில் மேற்கே போனால் குடகு. அதன் தெற்கில் பிரம்மகிரிக் காடுகளையொட்டி ஓடும் பாரபொளே ஆறு, கேரளத்துக்குள் இறங்கி வளபட்டணம் ஆற்றில் சேர்கிறது. மழைக்காலத்தில் ரப்பர் படகுச் சவாரிக்கும் பெயர் பெற்றது. கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரி அருகே சாலிப்புழை, இருவஞ்ஞிப்புழை ஆறுகளில் 2013 முதல் நடத்தப்படும் மலபார் ஆற்றுத் திருவிழா, வெளிநாட்டுக் கயாக் வீரர்களையும் இந்த மலைகளுக்கு அழைத்து வந்தது.

தேடல் வரைபடத்தில் தொடங்குகிறது. உயரக் கோடுகள் நெருங்குமிடத்தில் ஆறு செங்குத்தாக விழும். நேரில், வளைவுக்கு அப்பால் தெரியாதபோது பாறையோரச் சுழிநீரில் படகை ஒதுக்கி, கரையேறி நடந்து பார்க்கிறார்கள். ஒருவர் இறங்கும்போது மற்றவர் கீழே மீட்புக் கயிற்றுடன் நிற்பார். சைகை துடுப்பால்தான்: செங்குத்தாகப் பிடித்தால் ‘வா’, கிடையாகப் பிடித்தால் ‘நில்’. நீரின் இரைச்சலில் குரல் எடுபடாது.

நீரோட்டத்தின் கடினம் 1 முதல் 6 வரை தரப்படுத்தப்படுகிறது. அருவியைவிடக் கொடியது விழுந்து கிடக்கும் மரம்: நீர் கிளைகளூடே வெளியேறும், ஆள் சிக்கிக்கொள்வார். சந்தேகம் எழுந்தால் படகைத் தோளில் சுமந்து கடப்பதே தேர்ந்தவர்களின் வழக்கம். 2002-ல் கயாக் வீரர் ஸ்காட் லிண்ட்கிரன் தலைமையில் திபெத்தின் சாங்போ ஆற்று மேல் பள்ளத்தாக்கில் இறங்கிய எழுவரும், ஓட முடியாத இடங்களில் படகைச் சுமந்தே நடந்தனர்.