புதுப்பாட்டுக்குக் காத்திருந்தோர்: கண்டி மலைப்புறத்து இசைக் கேட்போர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கலை வரலாறு எமது சூழலிலே பெரும்பாலும் கலைஞரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பாடியவர் யார், ஆக்கியவர் யார், ஆதரித்த வள்ளல் யார் என்பனவே ஆய்வாளரின் வினாக்களாக இருந்துள்ளன. கேட்டவர் யார் என்ற வினா அரிதாகவே எழுகின்றது. இன்னும் வெளிவராத ஒரு பாட்டுக்காகக் காத்திருந்தவர் யார் என்ற வினாவோ எழுவதேயில்லை. எனினும் எதிர்பார்ப்பு என்பது தனிமனித மனநிலை மாத்திரமன்று; அது ஒரு சமூக நிகழ்வுமாகும். அதற்கு ஓய்வு வேண்டும். கையிலே சிறிது காசு வேண்டும். செய்தி வந்துசேரும் வழி வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, நாளையும் இவ்விடத்திலேயே இருப்போம் என்ற நம்பிக்கை வேண்டும். இவை யாருக்கு, எப்பொழுது, எவ்வளவு கிடைத்தன என நோக்குவோமாயின், கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த தோட்டப்புறங்களையும் பற்றிய சமூக வரலாற்றின் ஒரு கூறு தெளிவுபெறும்.

ஒப்பீட்டுக்கு வாய்ப்பாக இங்கிலாந்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டை முதலில் நோக்கலாம். 1960களின் இறுதியில் அங்கே வளர்ந்த ஒருவகை இசைக்குப் 'புரோகிரசிவ் ரொக்', அதாவது 'முற்போக்கு ரொக்', என்று பெயர் வழங்கிற்று. முற்போக்கு என்றதும் 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் அதனையொட்டிய இலக்கியக் கொள்கையுமே எம்மவர் நினைவுக்கு வரும். அவ்விசையைக் குறித்த முற்போக்கோ பெரும்பாலும் வடிவம் சார்ந்தது. 1948இல் அமெரிக்காவிலே கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய நீண்டநேர இசைத்தட்டு, ஒரு பக்கத்திலேயே இருபது நிமிடங்களுக்கு மேற்பட்ட இசையைத் தாங்கவல்லதாயிருந்தது. இவ்வசதியைப் பயன்படுத்தி, மூன்று நிமிடப் பாட்டின் எல்லையைக் கடக்க அவ்விசைஞர் முயன்றனர். 1969இல் 'கிங் கிரிம்சன்' குழுவின் முதற்றொகுப்பு வெளிவந்தது. 1972இல் 'யெஸ்' என்னும் குழு ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே ஆக்கத்தால் நிரப்பிற்று. அதே ஆண்டில் 'ஜெத்றோ ரல்' குழு இரு பக்கங்களையுமே ஒரே பாட்டாக்கிற்று.

யெஸ் குழுவின் அடுத்த படைப்பு 1973 டிசெம்பரில் வெளியாயிற்று. பரமஹம்ச யோகானந்தரின் தன்வரலாற்று நூலிலே சாத்திரங்கள் பற்றிக் காணப்பட்ட ஓர் அடிக்குறிப்பே அதற்குக் கருவாயமைந்தது. இரு தட்டுகள், நான்கு பக்கங்கள், நான்கே ஆக்கங்கள். வெளிவரு முன்னரே, முன்பதிவுகளின் அளவினாலேயே அத்தொகுப்பு இங்கிலாந்தில் 'தங்க' இசைத்தட்டு என்னும் விற்பனைத் தகுதியை எய்திற்று. ஒரு சுரத்தையேனும் கேளாத இரசிகர் முற்கூட்டியே அதனை வாங்க ஒப்பினர் என்பதே இதன் பொருள். வெளியானபின் விமர்சகருட் பலர் அதனைக் கடிந்தனர் என்பது வேறு கதை. எதிர்பார்ப்பு இங்கே விற்பனைச் சரக்கின் ஓர் உறுப்பாக மாறிவிடுகின்றது. இசைப் பத்திரிகைகள் செய்தியைத் தருகின்றன. நிறுவனம் நாளைக் குறிக்கின்றது. இரசிகன் தன் ஊதியத்தின் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கின்றான்.

இனி எமது மலைகளுக்குத் திரும்புவோம். நெடிய இசைப்படைப்பொன்றுக்காக ஊரே காத்திருத்தல் இங்கு புதுமையானதன்று. தெல்தோட்டை, கலகா, புசல்லாவை, கம்பளை ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலே மாசி மாதத்து வளர்பிறை வந்ததும் காமன் கூத்துக்குக் கம்பம் நடப்படும். நாட்கள் பலவாகத் தொடர்ந்து, மன்மதன் எரிவதும் இரதி புலம்புவதும் அவன் மீள எழுவதுமாகக் கதை நிறைவுறும். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியன இரவிரவாக நிகழ்ந்தன. கதை யாவரும் அறிந்ததே. இவ்வாண்டு இரதி வேடம் யாருக்கு, புதிதாக எதனைக் கட்டிப் பாடுவர் என்பதிலேயே ஆவல் தங்கியிருந்தது. இங்கே ஒரு செய்தி மனங்கொளத்தக்கது. கூத்துக்கு முழங்கிய அதே தப்பே, விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு எழுப்பவும் முழங்கிற்று. துரையின் நேரத்தை அறிவித்த கருவியை மாசி மாதத்திலே மக்கள் தம் நேரத்துக்கு மீட்டுக்கொண்டனர். காத்திருந்தோரும் ஆடியோரும் ஒரே லயத்து மக்கள். அவர்களுக்கிடையே விலைச்சீட்டு இருக்கவில்லை.

1930களில் இவ்வெதிர்பார்ப்பு அரசியல் உருப்பெற்றது. கோ. நடேசய்யரும் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையாரும் தோட்டத் தொழிலாளரிடையே பாட்டைப் பிரசாரக் கருவியாகக் கையாண்டனர். மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுகளிலே சம்பளம், கங்காணி, கடன், இந்தியரின் உரிமை ஆகியன பாடப்பெற்றன. மீனாட்சியம்மையார் 1940இல் வெளியிட்ட 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் சிறுநூல் இத்தகையது. எழுத்தறியாதார் பெருந்தொகையினராயிருந்த சமூகத்திலே ஒருவர் வாசிக்கப் பலர் பாடினர். மெட்டுப் பழையது, பொருள் புதியது என்ற அமைப்பு, புதுப்பாட்டு உடனடியாகப் பரவுதற்கு ஏதுவாயிற்று.

அடுத்த கட்டம் வானொலி. இங்கு கண்டிக்கு ஒரு தனித்தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, 1944 ஏப்பிரலில், மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றப்பட்டது. அப்படையினரின் பொழுதுபோக்குக்காகக் கொழும்பிலிருந்து 'றேடியோ சியாக்' இயங்கிற்று. அதன் பொருட்டு ஏக்கலையில் நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க ஒலிபரப்பி, 1949இல் இலங்கை அரசிடம் சேர்ந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கிற்று. 1952இலிருந்து அகில இந்திய வானொலி, அமைச்சர் பி. வி. கேஸ்கரின் கொள்கையால், திரைப்பாடலுக்கு இடத்தைச் சுருக்கியபோது, இந்தியத் துணைக்கண்டத்து நேயர் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். ஏகாதிபத்தியப் போருக்காக எழுப்பப்பட்ட கருவி, கோடம்பாக்கத்துப் புதுப்பாட்டைத் தமிழகத்துக்கும் மலையகத்துக்கும் ஒருங்கே வழங்கிற்று. எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் பாக்கு நீரிணையின் இரு கரையினருக்கும் உரியதாயிற்று. திரான்சிஸ்டர் வானொலி பரவியபின், மின்சாரம் எட்டாத லயங்களுக்கும் மின்கல விலையைப் பொறுத்து இசை வந்தது. நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதுதலும், தன் பெயர் ஒலிக்குமா எனக் காதைத் தீட்டிக்கொண்டிருத்தலும் புதிய வகைக் காத்திருப்புகளாயின. ஆனால் பாட்டை ஆக்கும் இடம் இப்பொழுது கடல் கடந்ததாகிவிட்டது. காமன் கூத்திலே ஆடியோரும் இப்போது கேட்போராயினர்.

அவ்வாறு கேட்டோரின் நிலை யாது? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலார் நாடற்றவராக்கப்பட்டிருந்தனர். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 150,000 பேரின் விதி 1974 வரை ஒத்திவைக்கப்பட்டது. கண்டியிலிருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தின் முன்னே கடவுச்சீட்டுக்காகத் தோட்ட மக்கள் காத்துநின்றனர். பாட்டு எந்த நாட்டிலிருந்து வந்ததோ, அந்த நாட்டுக்கே அவர்கள் தலைமன்னார் வழியாகக் கப்பலேறினர். பலருக்கு அந்நாடு வானொலியினூடாகவும் திரையினூடாகவும் மட்டுமே அறிமுகமாகியிருந்தது.

மேலே குறித்த 1973 டிசெம்பரை இங்கு மீண்டும் நினைவுகூர்வோம். இலண்டனில் இரசிகர் நான்கு பக்க இசைக்காகக் காத்திருந்த அதே மாதத்திலே, இந்நாட்டு மக்கள் விடியுமுன்னரே பாணுக்காக வரிசையில் நின்றனர். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் இறக்குமதிக் கட்டுப்பாடும் கடுமையாயிருந்த காலம் அது. 1973-74இல் தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. இரு காத்திருப்புகளையும் அருகருகே வைத்தல் இசையை இழித்துரைப்பதற்காகவன்று. காத்திருக்கும் உரிமையும் உலகிலே சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதைச் சுட்டுவதற்கேயாம். அதேவேளை அக்கட்டுப்பாடுகளின் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. தமிழகச் சஞ்சிகைகளும் படங்களும் தாராளமாக வாராத அச்சூழலிலே உள்ளூர்ச் சஞ்சிகைகள் தழைத்தன. ஈழத்து மெல்லிசையும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் பொப் இசையும் நேயரைப் பெற்றன. தன் பேச்சுமொழியிலேயே அடுத்த பாட்டு எப்பொழுது வரும் என்று இந்நாட்டுத் தமிழர் எதிர்பார்க்கும் நிலை அப்போது தோன்றிற்று.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. ஒலிநாடாக் கருவிகள் சந்தையை நிறைத்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் இன வன்செயல் மலையகத்தையும் தாக்கியது. 1983 மே மாதத்திலே பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர். யூலையிலே கண்டி நகரிலும் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. பாட்டை வாங்குதல் எளிதாகிய காலத்திலேயே, அதனை அச்சமின்றி உரக்க ஒலிக்கவிடுதல் அரிதாயிற்று. சந்தைச் சுதந்திரமும் மக்கட் சுதந்திரமும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்று, 2015 யூலையிலிருந்து, புதிய இசைத்தொகுப்புகள் உலகெங்கும் வெள்ளிக்கிழமையிலேயே வெளியிடப்படுகின்றன. கண்டியிலிருப்பவரும் இலண்டனிலிருப்பவரும் ஒரே நாளிலே கேட்கலாம் என்பது உண்மையே. ஆயினும் 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலங்கள் வரை நீண்டபோது, எரிபொருள் வரிசைகள் வீதிகளை நிறைத்தபோது, பழைய வேறுபாடு மறையவில்லை என்பது புலனாயிற்று.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை துலங்குகின்றது. நாளை பற்றிய உறுதி உடையவரே புதுப்பாட்டுக்காகக் காத்திருப்பர் என்று நாம் எதிர்பார்ப்போம். கண்டி மலைப்புற மக்களோ அவ்வுறுதி மறுக்கப்பட்ட நிலையிலும் காத்திருந்தனர். நாடும் வாக்கும் இல்லாத ஒருவர் தம் விருப்பப் பாடலுக்காக அஞ்சலட்டையிலே பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி அனுப்பியது, தாம் இவ்விடத்தவரே என்று செய்த ஒரு பிரகடனமாகும். சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்ட மக்கள் பாடியவற்றைத் திரட்டித் தந்தனர். அவர்கள் கேட்டவற்றையும், கேட்பதற்காகக் காத்திருந்தவற்றையும் திரட்டும் பணி எஞ்சியுள்ளது. பாட்டுப் புத்தகங்களும் பழைய ஒலிநாடாக்களும் முதியோரின் நினைவுகளும் அழிந்துபோகுமுன், எமது பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த மலைகளிலிருந்தே அப்பணி தொடங்கப்படல் வேண்டும்.