மலிவு லென்சும் தடுமாறும் குவியமும்: ஒரு சிறு வரலாறு

ஓலைச்சுவடிகளைப் படமெடுக்கும் ஆய்வு மாணவர் பலரின் கையில் இருப்பவை ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் விலை குறைந்த 50 மி.மீ. எஃப்/1.8 லென்சும்தான். இந்த இணை எடுத்துத் தரும் படங்களில் ஒன்று கூர்மையாக அமையும். அதே ஓலையை, அதே தூரத்திலிருந்து, மறுநொடியே எடுத்த படம் மங்கிப்போகும். வழக்கமாக இதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன: லென்ஸ் மட்டமானது, அல்லது எடுத்தவருக்குக் கை நடுங்கியது. இரண்டும் போதுமானவை அல்ல. இத்தடுமாற்றத்தின் வேர் தானியங்கிக் குவியம், அதாவது ஆட்டோஃபோகஸ், உருவாகி வந்த வரலாற்றில் இருக்கிறது. சுவடித் துறையினருக்கும் மொழியியல் மாணவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இது அழகியல் சிக்கல் மட்டுமன்று. பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை, சிலவற்றில் இடப்பட்டிருக்கிறது. ஒரு சுவடியில் புள்ளி எங்கே வருகிறது, எங்கே விடுபடுகிறது என்பது எழுத்து வரலாற்றுக்கான சான்று. மங்கிய படத்தில் 'புள்ளி இல்லை' என்பதையும் 'புள்ளி தெரியவில்லை' என்பதையும் வேறுபடுத்த வழியில்லை. சுவடி மீண்டும் கைக்குக் கிடைக்காதபோது அந்தப் படமே மூலமாகிவிடுகிறது.

சொல்லைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. 'ஃபோகஸ்' என்பது இலத்தீனில் அடுப்பைக் குறிக்கும் சொல். அதை 1604-இல் வெளியான தம் ஒளியியல் நூலில் கலைச்சொல்லாக ஆண்டவர் கெப்ளர். தமிழின் 'குவியம்' ஒளி வந்து சேரும் செயலிலிருந்து பிறந்தது. இவ்விடத்துக்குப் பொருத்தமான சொல் என்றே எனக்குப் படுகிறது.

இனி வரலாறு. 1960-களிலிருந்தே லைட்ஸ் நிறுவனம் தானியங்கிக் குவியத்துக்கான காப்புரிமைகளைப் பெற்றுவந்தது. ஆனால் பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் கேமரா 1977-இன் கோனிகா சி35 ஏ.எஃப்.; அதனுள் இருந்தது அமெரிக்க ஹனிவெல் நிறுவனத்தின் 'விசிட்ரானிக்' அலகு. அந்தக் கேமராவின் லென்ஸ் 38 மி.மீ., எஃப்/2.8. அகலக் கோணமும் மிதமான துளையும் சேர்ந்தால் குவிய ஆழம் தாராளமாகக் கிடைக்கும். கருவி சற்றுப் பிசகினாலும் அஞ்சலட்டை அளவு அச்சில் அது தெரியாது. தானியங்கிக் குவியம் பிழையை மறைக்கும் லென்சோடுதான் மக்களிடம் வந்தது என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும்.

1985-இல் மினோல்டா 7000 வந்தது. லென்சின் எதிரெதிர் ஓரங்கள் வழியே நுழையும் ஒளியை இரு பிம்பங்களாக்கி, அவற்றுக்கிடையிலான விலகலை அளந்து, லென்ஸ் எத்திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்கிடும் கட்டவேறுபாட்டு முறையை அது ஒற்றை லென்ஸ் எதிரொளிக் கேமராவின் உடலுக்குள்ளேயே முழுமையாக அமைத்தது. ஹனிவெல் வழக்குத் தொடுத்தது. 1992-இல் நடுவர் குழு ஹனிவெல்லுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க, மினோல்டா 12.75 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது.

நம் லென்சின் கதை கேனனிடம் தொடங்குகிறது. 1987-இல் அந்நிறுவனம் தன் பழைய எஃப்.டி. இணைப்பைக் கைவிட்டு, மோட்டாரை ஒவ்வொரு லென்சுக்குள்ளும் வைக்கும் இ.எஃப். இணைப்பைக் கொண்டுவந்தது. பொறியியல் நோக்கில் துணிச்சலான முடிவு. ஆனால் அதன் பொருளியல் விளைவு ஒன்றுண்டு: குவியத்தின் தரம் லென்சின் விலையோடு பிணைக்கப்பட்டது. அதே ஆண்டில் 300 மி.மீ. எஃப்/2.8 லென்சுக்கு மீயொலி மோட்டார் கிடைத்தது. 1990-இல் வந்த 50 மி.மீ. எஃப்/1.8 இரண்டாம் பதிப்புக்குச் சிறிய சாதாரண மோட்டாரும் பற்சக்கரங்களுமே வாய்த்தன. இணைப்பு வளையம் நெகிழியானது. தூர அளவுகோல் நீக்கப்பட்டது. எடை 130 கிராமாகக் குறைந்தது. 2015-இல் எஸ்.டி.எம். பதிப்பு வரும்வரை 25 ஆண்டுகள் இதுவே விற்பனையில் இருந்தது. நிக்கான் மோட்டாரைக் கேமரா உடலில் வைத்தது; பிறகு 2006-இன் டி40 போன்ற மலிவு உடல்களிலிருந்து அதை எடுத்துவிட்டது. அவற்றில் பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி பொருத்தினால் கையால்தான் குவிக்க வேண்டும். அங்கே மலிவு தடுமாற்றமாக அன்றி இன்மையாக வெளிப்பட்டது.

தடுமாற்றத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏ.பி.எஸ்.-சி சென்சாரில் எஃப்/1.8 துளையில் ஒரு மீட்டர் தூரத்தில் குவிய ஆழம் ஏறத்தாழ 2.6 செ.மீ. லென்சின் மிகக் குறைந்த தூரமான 45 செ.மீ.க்கு நெருங்கினால் அது 3.5 மி.மீ. ஆகச் சுருங்கும். ஓலையின் இயல்பான வளைவே அதைத் தாண்டும். சென்சார்ப் பக்கத்தில் அனுமதிக்கப்படும் பிசகோ இருபுறமும் மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு. இதை எட்ட வேண்டியவை தேய்ந்த பற்சக்கரங்கள். அவற்றுக்கிடையே உள்ள சிறு இடைவெளியால், அருகிலிருந்து வந்து நிற்கும் லென்சும் தொலைவிலிருந்து வந்து நிற்கும் லென்சும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. இன்னொன்று: குவிய உணரி லென்சின் முழுத் துளையையும் பார்ப்பதில்லை, படமோ முழுத் துளையால் உருவாகிறது. கோளப் பிறழ்ச்சி திருத்தப்படாத எளிய லென்சில் இவ்விரண்டின் கூர்மையிடங்களும் விலகும். மஞ்சள் விளக்கொளி அந்த விலகலை மேலும் மாற்றும்.

இங்கே இருவகைப் பிழைகளைப் பிரித்தறிய வேண்டும். எப்போதும் ஒரே அளவு முன்னோ பின்னோ விழுவது ஒருவகை. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் விழுவது மற்றொரு வகை. 'துல்லியமில்லை' என்று இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுவது நம் உரையாடல்களில் குழப்பத்தை வளர்க்கிறது. முதலாவதை நேரின்மை என்றும் இரண்டாவதை நிலையின்மை என்றும் வழங்கலாம் என்பது என் பரிந்துரை. நேரின்மையைத் திருத்தலாம், நிலையின்மையின் சராசரியை மட்டுமே நகர்த்தலாம்.

அந்தத் திருத்தமும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. லென்ஸ் வாரியாகக் குவியத்தை நுண்ணளவில் சரிசெய்யும் வசதி 2007-இல் விலையுயர்ந்த தொழில்முறைக் கேமராக்களில் அறிமுகமானது. 2008-இன் கேனன் 50டி-யில் இருந்த அவ்வசதி, 2010-இல் அதன் வரிசையில் அடுத்து வந்த 60டி-யில் நீக்கப்பட்டது. 2013-இன் 70டி-யில் திரும்பி வந்தது. மலிவு லென்சை வாங்குகிறவர் பெரும்பாலும் மலிவு உடலையே வாங்குகிறார். அதாவது, திருத்தம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களின் கேமராவில் அது இல்லை. இதைத் தொழில்நுட்பத் தடை என்று ஏற்க என்னால் இயலவில்லை. சந்தையைப் படிநிலைகளாகப் பிரித்ததன் விளைவு என்றே கருதுகிறேன்.

அதே 70டி பட சென்சாரிலேயே கட்டவேறுபாட்டை அளக்கும் முறையைக் கொணர்ந்தது. அளக்குமிடமும் படம் பதியுமிடமும் ஒன்றானதால் நேரின்மை பெரிதும் அற்றுப்போனது. கண்ணாடியற்ற கேமராக்கள் அதையே இயல்பாக்கின. ஆனால் கைவிடப்பட்ட டி.எஸ்.எல்.ஆர். உடல்கள் பழைய பொருள் சந்தை வழியாக நம் ஆய்வு மாணவர்களிடமே வந்துசேர்கின்றன.

அவற்றை வைத்துச் சுவடி எடுப்போர் தானியங்கிக் குவியத்தை அணைத்துவிடலாம். கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, நேரலைத் திரையில் ஓர் எழுத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் குவித்து, துளையை எஃப்/8-க்குக் குறைத்தால் 45 செ.மீ. தூரத்தில் ஒன்றரை செ.மீ. ஆழம் கிடைக்கும், வளைந்த ஓலைக்கும் அது போதும். ஒவ்வொரு ஓலையையும் எடுத்தவுடன் இரு ஓரங்களையும் திரையில் பெரிதாக்கிப் பார்த்த பின்னரே அடுத்த ஓலையைத் திருப்புங்கள்.